வெள்ளை கலந்த மணி பிளான்ட்டை வீட்டுக்குள் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட்பவர்களுக்கெல்லாம் கொடியை வெட்டிக் கொடுக்கும் பழக்கம் உள்ளவரிடம், கொடியோடு போன சந்தேகங்களும் திரும்பி வந்து சேரும். தருமபுரியில் எங்கள் வீட்டு மணி பிளான்ட்டின் துண்டுகள் அரூர், பாலக்கோடு, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பல ஊர்களுக்குப் போயிருக்கின்றன. அங்கிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி விடையும் சேர்த்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

இது சாதா மணி பிளான்ட்டுதானே? வெள்ளை வெள்ளையா இருக்கே, இது வேற செடியா?

செடி ஒன்றுதான். தாவரவியலில் இதற்கு எபிப்ரெம்னம் ஆரியம் என்று பெயர். நாம் உண்ணும் சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் அடங்கிய அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினேசியாவில் உள்ள மூரியா என்னும் தீவு.

பச்சை இலையில் மஞ்சள் கீற்று விழுந்தது கோல்டன். வெள்ளையும் பச்சையும் தெளித்தாற்போல் கலந்தது மார்பிள் குயின். சிறிய இலையில் வெள்ளைப் பகுதி திட்டாகத் தெளிவாகப் பிரிந்திருப்பது என்ஜாய். இலை விளிம்பு அலையலையாக இருப்பது மஞ்சுளா. கடைசியாகச் சொன்ன ரகம் நம் நாட்டிலேயே கண்டெடுக்கப்பட்டது. வளர்ப்பு முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்றாலும், வெள்ளை கூடக்கூடக் கவனமும் கூட வேண்டும். அதற்கான காரணம் அடுத்த விடையில் இருக்கிறது.

வெள்ளையா இருக்கிற இடத்துல சத்து இல்லையா? உரம் போட்டா சரியாகுமா?

அது நோயும் அன்று, சத்துக்குறையும் அன்று. இலையின் அந்தப் பகுதியில் உள்ள திசுக்களில் பச்சையம் போதிய அளவு உருவாவதில்லை. பச்சையம் இல்லாத இடத்தில் ஒளியிலிருந்து உணவு தயாரிக்கும் வேலை நடக்காது. ஆனால் அந்த இடமும் உயிருள்ள திசுவாகையால் அதற்கும் உணவு வேண்டும். நாலு பேர் உண்கிற வீட்டில் இரண்டு பேர் மட்டுமே சம்பாதித்தால் எப்படியோ, இந்தச் செடியின் நிலைமை அப்படி. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும்: பச்சைச் செடியைவிட இதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், வளர்ச்சி மெதுவாக இருக்கும், மெதுவாக வளர்வதால் தண்ணீரும் உரமும் குறைவாகவே செல்லும்.

உரம் போட்டு வெள்ளையைப் பச்சையாக்க முடியாது. உண்மையான சத்துக்குறையின் தோற்றமே வேறு. தழைச்சத்து குறைந்தால் அடியிலுள்ள பழைய இலைகள் சீராக வெளுக்கும். இரும்புச்சத்து குறைந்தால் நுனியிலுள்ள புது இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுவெல்லாம் மஞ்சளாகும். மணி பிளான்ட்டின் வெள்ளையோ நரம்பு, விளிம்பு என்று எந்த ஒழுங்கும் பாராமல் இலைக்கு இலை வேறு விதமாக விழும்.

வீட்டுக்குள்ள எங்க வைக்கணும்? வெயிலே படக்கூடாதுன்னு சொல்றாங்களே?

சுள்ளென்ற வெயில் படக்கூடாது என்பது சரி. வெளிச்சமே வேண்டாம் என்று அதைப் புரிந்துகொள்வதுதான் தவறு. பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம் இதற்கு மிகக் குறைந்த தேவை. நண்பகலில் இலைக்கு மேலே கையை நீட்டிப் பாருங்கள். விளிம்பு மங்கலாகவாவது நிழல் விழுந்தால் அந்த இடம் நல்ல இடம். நிழலே தெரியவில்லை என்றால் பச்சை மணி பிளான்ட் அங்கே எப்படியோ பிழைத்துக்கொள்ளும், வெள்ளை கலந்தது தேறாது.

திசையைப் பொறுத்தவரை, குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட 'தெற்கு ஜன்னல்தான் சிறந்தது' என்ற யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஏறத்தாழ 12 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால், சித்திரை இரண்டாம் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்துவிடுகிறது. அதிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகலில் சற்று வடக்கே சாய்ந்தே நிற்கிறது. ஆகவே அந்த மாதங்களில் நம்மூர் வடக்கு ஜன்னல்களில் காலையிலும் மாலையிலும் சாய்வான வெயில் உள்ளே வரும். ஐப்பசி முதல் மாசி வரை வெயில் தெற்கு ஜன்னலுக்கு மாறும். ஆண்டு முழுவதும் இடம் மாற்றாமல் வைக்க வேண்டுமானால் கிழக்கு ஜன்னலே நல்லது. காலை ஏழு, எட்டு மணி வெயில் இந்தச் செடிக்குத் தீங்கு செய்வதில்லை.

மேற்கு ஜன்னலில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சித்திரை, வைகாசியில் பிற்பகல் மூன்று மணிக்குத் தருமபுரியில் மேற்குப் பக்கத்துக் கண்ணாடியையும் கிரில் கம்பியையும் தொட முடியாது. அங்கே இலை உரசிக்கொண்டிருந்தால் ஒரே நாளில் கருகும். ஜன்னலிலிருந்து மூன்று, நான்கு அடி உள்ளே தள்ளியோ, மெல்லிய வெள்ளைத் திரைக்குப் பின்னாலோ வையுங்கள்.

வாங்கும்போது பாதிக்கு மேல வெள்ளையா இருந்துச்சு. நம்ம வீட்டுக்கு வந்தப்புறம் வர்ற இலையெல்லாம் பச்சையா வருது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. ஓசூர்ப் பக்கத்து நர்சரிகளில் செடிகள் நிழல்வலைக்கு அடியில் நாள் முழுவதும் சீரான வெளிச்சத்தில் வளர்கின்றன. வெறும் கண்ணுக்கு நம் கூடம் வெளிச்சமாகத் தெரிந்தாலும், செடியின் கணக்கில் அது நிழல்வலைக்குக் கீழே கிடைப்பதில் சிறு பங்குகூட இராது. வெளிச்சம் குறைந்த இடத்தில் உருவாகும் புது இலைகளில் பச்சைப் பகுதி கூடுதலாகவே வரும்.

விரிந்து முடிந்த இலையின் நிறம் இனி மாறாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளிச்சமான இடத்துக்கு மாற்றினால் அதற்குப் பிறகு பிறக்கும் இலைகளில்தான் பலன் தெரியும். ஒரேயடியாக மாற்றாமல் வாரத்துக்கு ஓர் அடி என்று ஜன்னலை நோக்கி நகர்த்துங்கள். அப்படியும் ஒரு கொடி மட்டும் முழுப் பச்சையாகவே போய்க்கொண்டிருந்தால் அது வேறு சங்கதி. அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி ஊத்தணும்?

நாள் கணக்கு சொன்னால் அது தவறாகவே முடியும். வைகாசியில் தருமபுரியில் மின்விசிறிக்கு அடியில் இருக்கும் மண்தொட்டியும், ஐப்பசி மழையில் ஓசூரில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் விரலில் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம். உலர்ந்திருந்தால், அடித்துளையில் நீர் வழியும்வரை நிறைய ஊற்றுங்கள். தினமும் அரை டம்ளர் ஊற்றும் பழக்கம் மேல்மண்ணைச் சகதியாக்கிவிட்டு, அடிவேரைப் பட்டினி போடும்.

தொங்கும் பிளாஸ்டிக் தொட்டிகளில் அடித்தட்டு தொட்டியோடு இறுகப் பொருந்தியிருக்கும். அதில் தேங்கும் நீர் வெளியே தெரியாது. தண்ணீர் ஊற்றிய கால் மணி நேரத்தில் தொட்டியைச் சற்றுச் சாய்த்து அந்த நீரை வடித்துவிட வேண்டும். வேர் அழுகிச் சாகும் செடிகளில் பெரும்பாலானவை இந்தத் தட்டினால்தான் சாகின்றன என்பது என் எண்ணம்.

இலை மஞ்சளாகுது. தண்ணி பத்தலையா, அதிகமாயிடுச்சா?

மண்ணைத் தொட்டுப் பார்த்தால் பாதி விடை தெரிந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை மஞ்சளாகித் தொய்ந்தால் நீர் அதிகம். தண்டின் அடிப்பகுதியை அழுத்தினால் கொழகொழவென்று இருந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. அந்த நிலையில் நல்ல நுனிகளை வெட்டிப் புதிதாக வேர்விடச் செய்வதே வழி. மண் உலர்ந்து, இலை சுருண்டு, ஓரம் மொறமொறவென்று இருந்தால் நீர் போதவில்லை. இதைத் தேற்றுவது எளிது. ஊற்றிய மறுநாளே நிமிர்ந்துவிடும்.

அடியில் இருக்கும் ஒரே ஓர் இலை எப்போதாவது பழுத்து உதிர்வதற்குக் கவலைப்பட வேண்டாம். அது வயதானதால் உதிர்வது.

எங்க ஊரு போர் தண்ணி உப்பு. புளோரைடும் இருக்குன்னு சொல்றாங்க. அதை ஊத்தலாமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது தெரிந்த செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். செடிகளில் புளோரைடால் முதலில் அடிபடுபவை டிரசீனாவும் ஸ்பைடர் பிளான்ட்டும். அவற்றின் இலை நுனி பழுப்பாகிக் காயும். மணி பிளான்ட் அந்த அளவுக்கு மென்மையானது அன்று. அதற்கு உண்மையான தொல்லை நீரிலுள்ள மொத்த உப்புதான். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே வரும். மண்ணின் மேலும் தொட்டியின் வெளிப்பக்கத்திலும் வெள்ளைப் பூச்சு படர்ந்தால் அது இந்த உப்புதான்.

ஒகேனக்கல் தண்ணீர் வரும் வீடுகளில் அதையே ஊற்றலாம். போர் தண்ணீர் மட்டுமே இருந்தால், மாதம் ஒருமுறை தொட்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோய், தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றி அடியில் வழியவிட்டால் தேங்கிய உப்பில் பெரும்பகுதி கரைந்து போகும். இந்த வேலைக்கு மழைநீர் கிடைத்தால் மிகவும் நல்லது. ஆவணி முதல் ஐப்பசி வரை மொட்டைமாடியில் ஒரு குடம் வைத்தாலே போதும்.

காய்ச்சி ஆறவைத்த நீரை ஊற்றினால் புளோரைடு போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். காய்ச்சும்போது நீர்தான் குறைகிறது, புளோரைடு அப்படியே இருக்கிறது. ஆகவே அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டி வரும் நல்ல நீர் செடிக்கு ஏற்றது. அதன் கழிவுக் குழாயில் வரும் நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். போர் தண்ணீரைவிட உப்பு கூடிய நீர் அது. தரை துடைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில பார்த்தா இலை நுனியில சொட்டு சொட்டா தண்ணி நிக்குது. செடி அழுவுதா?

முதல் நாள் நன்றாக நீர் ஊற்றியிருப்பீர்கள். இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும்போது வேர் உறிஞ்சிய நீர் இலை நுனியிலுள்ள நுண்துளை வழியாகச் சொட்டாக வெளிவருகிறது. கெடுதல் இல்லை. சொட்டு காய்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நின்றால் முந்தைய விடையில் சொன்ன உப்பு என்று அறிந்து ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தினமும் சொட்டினால் மட்டும் நீரைச் சற்றுக் குறைக்கலாம்.

மண்ணு எப்படிக் கலக்கணும்? வெறும் செம்மண்ணு போதாதா?

வயலில் எடுத்த செம்மண் தொட்டிக்குள் போனதும் இறுகி, காய்ந்தால் பாளமாக வெடிக்கும். அப்போது ஊற்றுகிற நீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓரத்து வெடிப்பின் வழியே ஓடிவிடும். செம்மண் ஒரு பங்கு, ஊறவைத்துக் கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ அரைப் பங்கு, பருமணல் அரைப் பங்கு என்ற கலவை இங்கே நன்றாக நடக்கிறது. தென்னைநார்க் கழிவைக் கழுவச் சொல்வதற்குக் காரணம் அதிலும் உப்பு இருக்கும் என்பதே. கட்டட வேலைக்கு விற்கும் எம்-சாண்டைப் போட்டால் அதிலுள்ள கல்மாவு சிமெண்டுபோல் இறுகும், அது வேண்டாம்.

தொட்டி வேர்க்கட்டைவிட ஓரிரு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் சிறிய செடியை வைத்தால், வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

டீத்தூள், முட்டை ஓடு, அரிசி கழுவுன தண்ணி, இதெல்லாம் போடலாமா?

பாலும் சர்க்கரையும் கலந்த டீத்தூள் எறும்பையும் பூஞ்சையையும்தான் வளர்க்கும். முட்டை ஓடு மட்கிச் சத்தாக மாறப் பல மாதங்கள் ஆகும். அரிசி கழுவிய நீரை எப்போதாவது ஊற்றினால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரத்தில் ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் என்று கரைத்து, மாசி முதல் ஐப்பசி வரை மாதம் ஒருமுறை ஈர மண்ணில் ஊற்றினால் போதுமானது. வெள்ளை கலந்த செடி மெதுவாக உண்பது என்று இரண்டாவது விடையில் சொன்னதை மறந்து உரத்தைக் கூட்டினால், உப்பு சேர்ந்து இலை ஓரம் கருகும்.

பாட்டில் தண்ணியில போட்டு வெச்சாலே போதுமா, மண்ணுல வைக்கணுமா?

தண்ணீரிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். வளர்ச்சி மெதுவாக இருக்கும். இலையும் சிறுத்தே வரும். உரத்தை மேலே சொன்ன அளவில் கால் பங்காக்கி மாதம் ஒருமுறை விடலாம். கண்ணாடி பாட்டிலில் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால் நிறமுள்ள பாட்டிலோ பீங்கான் குடுவையோ மேல்.

கட்டாயமாகக் கவனிக்க வேண்டியது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறிய, தெளிந்த நீரைத்தான் தேடி வரும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ எட்டு, பத்து நாட்கள் போதும். ஆகவே வாரம் தவறாமல் நீரை மாற்ற வேண்டும். வெறுமனே கொட்டிவிட்டு வேறு நீர் ஊற்றினால் போதாது. முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிய பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். பிரஷ்ஷால் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

நீங்க குடுத்த மாதிரியே நானும் ஒரு இலையக் கிள்ளி வெச்சேன். வேரே வரலை. எங்க வெட்டணும்?

இலையை மட்டும் கிள்ளி நீரில் வைத்தால் அது பல வாரங்கள் பச்சையாக நின்று ஏமாற்றும். சிலவேளை வேர்கூட விடும். ஆனால் கொடி வராது. கொடி வருவதற்குக் கணு வேண்டும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தண்டைச் சுற்றி மெல்லிய வளையம் போல் ஒரு கோடு தெரியும். அதை ஒட்டி, பழுப்பு நிறத்தில் சிறு முண்டு ஒன்று தடித்திருக்கும். அது வேராகப் போவது. காம்பின் அடியில், காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் கூர்மையான சிறு மொட்டு மறைந்திருக்கும். அது கொடியாகப் போவது. இந்த இரண்டும் உங்கள் துண்டில் இருக்க வேண்டும்.

கணுவுக்கு அரை அங்குலம் கீழே கூர்மையான கத்தியால் வெட்டி, ஒன்றிரண்டு கணுக்கள் நீருக்குள் இருக்குமாறும் இலை நீரில் படாதவாறும் வையுங்கள். சித்திரையில் இரண்டு வாரத்துக்குள் வேர் தெரியும்; மார்கழியில் ஒரு மாதம்கூட ஆகலாம். வேர் இரண்டு, மூன்று அங்குலம் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். நீரிலேயே நெடுநாள் நீண்ட வேர் மண்ணுக்குப் பழகத் திணறும்.

வெள்ளைக் கொடியாப் பார்த்து வெட்டி வெச்சா செடி முழுக்க வெள்ளையா வருமா?

வரலாம், வந்தால் அந்தச் செடி நெடுநாள் நிற்காது. முழு வெள்ளை இலைகளே வரும் கொடி, தாய்க்கொடியோடு சேர்ந்திருக்கும்வரை அதன் உணவில் வாழும். பிரித்துத் தனியாக வைத்தால் உணவு தயாரிக்க ஆளில்லாமல் மடியும்.

எந்தத் துண்டைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இலையைவிடத் தண்டைப் பார்ப்பது நல்லது. தண்டிலும் பச்சைக் கோடும் வெள்ளைக் கோடும் ஓடும். முன் விடையில் சொன்ன மொட்டு பச்சைக் கோட்டின்மேல் இருந்தால் புதுக்கொடி பெரும்பாலும் பச்சையாகவும், வெள்ளைக் கோட்டின்மேல் இருந்தால் வெள்ளையாகவும், இரண்டும் கலந்த இடத்தில் இருந்தால் கலந்தும் வரும். கலந்த இடத்து மொட்டைத்தான் தேட வேண்டும்.

நல்ல வெளிச்சத்துலதான் இருக்கு. ஆனாலும் ஒரு கொடி மட்டும் முழுப் பச்சையா ஓடுது. விட்டுடலாமா?

விடக்கூடாது. மற்றக் கொடிகளைவிட அதில் பச்சையம் மிகுதி, உணவு மிகுதி, ஆகவே வேகமும் மிகுதி. சில மாதங்களில் அது மற்றவற்றை மூடிவிட்டுத் தொட்டியையே பச்சைச் செடியாக்கிவிடும். அந்தக் கொடியில் பின்னோக்கி வந்து, கடைசியாக வெள்ளை கலந்த இலை எந்தக் கணுவில் இருக்கிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். அடுத்த மொட்டு அங்கிருந்து புறப்படும். வெட்டிய பச்சைத் துண்டைத் தனிப் பாட்டிலில் வைத்தால் அதுவும் ஒரு செடிதான்.

பச்சை நல்லா இருக்கு, வெள்ளை இருக்கிற இடம் மட்டும் பழுப்பாக் கருகுது. ஏன்?

மார்பிள் குயின், மஞ்சுளா வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் கேட்கும் கேள்வி இது. வெள்ளைத் திசு மெலிந்தது. செடிக்கு எந்தச் சிரமம் வந்தாலும் முதலில் அங்கேதான் தெரியும். ஆகவே கருகலுக்கு ஒரே காரணம் இராது. ஜன்னல் பக்கம் திரும்பிய இலைகள் மட்டும் கருகினால் வெயில். ஓரமும் நுனியும் கருகி, மண்ணில் வெள்ளைப் பூச்சும் இருந்தால் உப்பு. ஈர மண்ணோடு மென்மையான பழுப்புத் திட்டு, சுற்றிலும் மஞ்சள் வளையம் என்றால் வேர் அழுகல். பங்குனி, சித்திரையில் வறண்ட காற்றில் ஓரம் மட்டும் மொறமொறப்பானால், மின்விசிறிக் காற்றும் ஏசி காற்றும் நேராகப் படாத இடத்துக்கு மாற்றுங்கள்.

இவை எதுவுமே இல்லாமல், பாதிக்கு மேல் வெள்ளையான பழைய இலைகள் மட்டும் மெல்லப் பழுப்பாகின்றன என்றால், வெளிச்சம் போதாத இடத்தில் செடி தன்னால் தாங்க முடியாத இலையைக் கைவிடுகிறது. இதற்கு மருந்து தெளிப்பது வீண். இடத்தை மாற்றுவதுதான் மருந்து. கருகிய பகுதி மீண்டு வராது. பார்க்க அசிங்கமாக இருந்தால் கத்தரிக்கோலால் ஓரத்தை மட்டும் நறுக்கிவிடலாம். இலையில் பச்சை மிச்சமிருக்கும்வரை முழு இலையையும் எடுக்க வேண்டாம்.

கொடி கீழ தொங்குனா பணமும் கீழ இறங்கிடும்னு எங்க மாமியார் சொல்றாங்க. மேலதான் ஏத்தி விடணுமா?

பணத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை; இலையைப் பற்றிச் சொல்கிறேன். மேலே பற்றி ஏறும்போது இந்தச் செடியின் இலை பெரிதாகிக்கொண்டே போகும், தொங்கும்போது சிறுத்துக்கொண்டே போகும். தென்னந்தோப்புகளில் மரத்தைப் பற்றி ஏறிய மணி பிளான்ட்டில் முறம் அகலத்துக்கு, ஓரம் கிழிந்த இலைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உங்கள் பாட்டிலில் இருப்பதும் அதே செடிதான்.

வீட்டுக்குள் பெரிய இலை வேண்டுமானால், தென்னைநார் சுற்றிய கம்பை நட்டு, கணுக்கள் கம்பில் படும்படி கட்டி, கம்பை ஈரமாக வைத்திருங்கள். தொங்கவிடத்தான் விருப்பம் என்றால், ஆறேழு அடி நீளும்வரை விடாமல் அவ்வப்போது நுனியை வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குப் பின்னாலிருந்து கிளை வரும். மேலே மொட்டையாகவும் கீழே மட்டும் இலையாகவும் நிற்கும் நிலை வராது. மாமியாருக்கும் மருமகளுக்கும் பொதுவாக, ஒரே தொட்டியில் இரண்டு கொடியை ஏற்றி இரண்டைத் தொங்கவிட்டவர்களும் உண்டு.

திருடிட்டு வந்து வெச்சாத்தான் வளரும்னு சொல்றாங்களே?

கேட்டு வாங்கியதும் வளர்கிறது, காசு கொடுத்து வாங்கியதும் வளர்கிறது. திருடுபவர் அவசரத்தில் கையில் வந்த இடத்தில் ஒடிப்பதால் கணு இல்லாமல் போகும் வாய்ப்புதான் அதிகம். கேளுங்கள், கொடுப்பார்கள்.

குழந்தை இலையக் கடிச்சிடுச்சு. விஷமா? பூனை, ஆடு தின்னா என்னாகும்?

இதன் எல்லாப் பாகங்களிலும் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு ஊசி வடிவப் படிகங்களாக இருக்கிறது. கடித்தவுடன் அவை வாயிலும் நாக்கிலும் குத்தி எரிச்சல், வீக்கம், எச்சில் வடிதல் ஆகியவற்றை உண்டாக்கும். கருணைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கு அரிப்பதும் இதே பொருளால்தான். எரிச்சலுக்குப் பயந்து பெரும்பாலும் யாரும் இரண்டாவது வாய் கடிப்பதில்லை என்பதால் உயிருக்கு ஆபத்து அரிது. வாயைக் கழுவி, குளிர்ந்த நீர் கொடுங்கள். தொண்டை வீங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பூனைக்கும் நாய்க்கும் அதே விளைவுதான். வெட்டிய கொடியை ஆடு, மாடுகளுக்குப் போடாதீர்கள். சிலருக்குச் சாறு பட்டால் கை அரிக்கும். கொடி வெட்டிய பின் கையைக் கழுவாமல் கண்ணைத் தொட வேண்டாம்.

இது வீட்டுக் காத்த சுத்தம் பண்ணும்னு நாசாவே சொல்லியிருக்காமே?

நாசாவின் ஆய்வு 1989-இல் வெளிவந்தது உண்மை. அது காற்றுப் புகாமல் அடைத்த சிறிய அறைகளில் செய்யப்பட்ட சோதனை. நம் வீடுகளில் கதவு, ஜன்னல் வழியாகவே காற்று இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கிறது. இத்தகைய பல ஆய்வுகளை ஒன்றாக எடுத்து ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரை ஒன்று, ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள்வரை வேண்டும் என்று கணக்கிட்டது. அழகுக்காக வளர்ப்பதென்றால் ஒன்றே போதும்.

இலைக்காம்பு இடுக்குல வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கு. அதுவும் செடியோட வெள்ளைதானா?

விரலால் தொட்டால் மாவாக ஒட்டும் பட்சத்தில் அது மாவுப்பூச்சி. வெள்ளை கலந்த செடியில் இது கண்ணில் படாமல் பெருகிவிடும் என்பதால் நீர் ஊற்றும்போதெல்லாம் இடுக்குகளைப் பார்க்க வேண்டும். சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்துவிட்டு, ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புத் திரவமும் கலந்து, மாலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று முறை தெளித்தால்தான் முட்டையிலிருந்து புதிதாக வருபவையும் ஒழியும். தெளித்த செடியை மறுநாள் வெயிலில் வைக்கக்கூடாது.

கோடையில் இலை மங்கி, ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடிப் புள்ளிகள் விழுந்து, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். குழாயடியில் இலையின் அடிப்பக்கம் நனையுமாறு கழுவினாலே பெரும்பகுதி போய்விடும். மண்ணின் மேல் பறக்கும் சிறு கருப்பு ஈக்கள் நீர் அதிகம் என்பதன் அடையாளம், மேல்மண்ணை உலரவிடுங்கள்.

ஜன்னலே இல்லாத ஆபீஸ் ரூம். டேபிள்ல வைக்கலாமா?

வெறுமனே வைத்தால் மூன்றாவது விடையில் சொன்ன காரணத்தால் தேறாது. செடிக்கு ஓர் அடி உயரத்தில் சாதாரண வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்றை நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் எரியவிட முடிந்தால் வைக்கலாம். முடியாதென்றால் இரண்டு செடி வைத்துக்கொண்டு, வாரம் ஒன்றாக வீட்டு ஜன்னலுக்கும் அலுவலக மேசைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகலாம். அதைவிட அங்கே முழுப்பச்சை ரகத்தை வைப்பது சுலபம்.

ஓசூர்ல மார்கழி குளிருக்குச் செடி அப்படியே நின்னு போச்சு. செத்துடுச்சா?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதுண்டு. அந்த அளவில் இந்தச் செடி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். தண்டு உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது. நீரைப் பாதியாகக் குறைத்து, உரத்தை நிறுத்தி, இரவில் ஜன்னல் கண்ணாடியை ஒட்டி இல்லாதவாறு நகர்த்தி வையுங்கள். மாசி பிறந்ததும் புது இலை வரும்.

எத்தனை வருஷம் ஆனாலும் பூக்கவே மாட்டேங்குதே?

பூக்காது. தானாகப் பூத்ததற்கான கடைசிப் பதிவு 1964-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் என்னும் வளர்ச்சிப் பொருளை உண்டாக்கும் மரபணு இதில் சரிவர இயங்குவதில்லை என்பதை 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அந்தப் பொருளை வெளியிலிருந்து தெளித்தபோது செடி பூத்தது. பூ இல்லாததால் விதையும் இல்லை. ஆகவே 'மணி பிளான்ட் விதை' என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

வெட்டுன கொடி நிறைய சேர்ந்துடுச்சு. ஏரிக்கரையில போட்டுடலாமா?

போடக்கூடாது. கணு ஒன்று ஈர மண்ணில் பட்டாலே முளைத்துவிடும். பிறகு தரையை மூடி, மரத்தைப் பற்றி ஏறி, வெளிச்சத்தையும் மறைக்கும். இலங்கையில் கண்டி நகரை ஒட்டிய உடவத்தகலே காட்டில் இந்தக் கொடி பெரும்பரப்பில் பரவி, அங்குள்ள இயல்பான செடிகளை முளைக்கவிடாமல் செய்திருக்கிறது. மொட்டைமாடி வெயிலில் ஒரு வாரம் பரப்பிப் போட்டு, தண்டு ஒடிந்து நொறுங்கும் அளவுக்குக் காய்ந்த பிறகு உரக்குழியில் போடுங்கள். பச்சையாகப் போட்டால் உரக்குழியிலேயே வேர்விட்டு நிற்கும்.